பேஸ் டெல்லி, வீடு குரோம்பேட்டை: சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் பேஸ் ஏன் இல்லை?

1. மீனம்பாக்கம்வாசி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே விமானிகளும் கேபின் க்ரூவும் அவர்கள் வீட்டாரும் நிறையப் பேர் இருப்பதால் மனம்விட்டு எழுதுகிறேன்.

நான் ஏர்பஸ் 320 ஓட்டுகிறேன். கேப்டனாகி இரண்டு வருஷம். வீடு குரோம்பேட்டையில். பேஸ், அதாவது டூட்டி தொடங்கி முடியும் ஊர், டெல்லி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம். அடுத்த மாதம் எங்கள் சங்கத்தின் பொதுக்குழு. நிர்வாகத்திடம் வைக்கப்போகும் கோரிக்கைகளைச் சுற்றுக்கு விட்டார்கள். சம்பள உயர்வு, மாதத்துக்கு உறுதியளிக்கும் பறக்கும் மணி, லேஓவர் படி, மருத்துவக் காப்பீடு எல்லாம் இருக்கிறது. பேஸ் பற்றி ஒரு வரி இல்லை. செயற்குழுவில் ஒருவரிடம் கேட்டேன். "பேஸ் நிர்வாகத்தின் உரிமை, அதில் கை வைக்க முடியாது" என்றார். அவர் வீடு விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம்.

வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்ததை நாமெல்லாம் கொண்டாடினோம். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதி போட்டது. தள்ளித் தள்ளி, கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அந்த 48 மணி என் வீட்டில் எத்தனை மணி என்று போன வாரம் கணக்குப் போட்டேன்.

திங்கள் இரவு 10.30-க்கு டெல்லியில் டூட்டி முடிந்தது. அதற்கு மேல் போய்ச் சேர விமானம் இல்லை. டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மஹிபால்பூர் அறையில் படுத்தேன். நான்கு பேர் பங்கு போட்டு எடுத்த அறை. மூன்றரைக்கு ஒரு தம்பி நைட் ஃபிளைட் முடித்து வந்தான். என்னை எழுப்பக் கூடாது என்று விளக்கைப் போடாமல், போன் வெளிச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டினான். நான் முழித்துத்தான் கிடந்தேன், அவன் சங்கடப்படக் கூடாது என்று கண்ணைத் திறக்கவில்லை. காலை 6 மணி விமானத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட். சீட் காலி இருந்தால்தான் ஏறலாம். அன்று இருந்தது. 8.50-க்கு மீனம்பாக்கம், பத்து மணிக்கு வீடு. புதன் இரவுக்குள் டெல்லி திரும்ப வேண்டும், வியாழன் அதிகாலை ரிப்போர்ட்டிங். கடைசி விமானத்தை நம்ப முடியாது, அது ஃபுல்லானால் டூட்டிக்கு வராத நோ-ஷோ ஆகிவிடும். அதனால் மாலை 6 மணி விமானம், மதியம் மூன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆக, 48 மணியில் வீட்டில் இருந்தது இருபத்தொன்பதரை மணி. அதில் ஓர் இரவு.

இன்னொன்று. அந்தப் புதன்கிழமை விமானத்தில் எனக்குப் பக்கத்து சீட்டில் சென்னை பேஸ் கேப்டன் ஒருவர் சீருடையில் வந்தார். டெல்லியிலிருந்து எடுக்க வேண்டிய ஒரு விமானத்துக்காக நிறுவனம் அவரைப் பயணியாக அனுப்பியது. அவருக்கு அது பொசிஷனிங், டூட்டிக் கணக்கில் ஏறும். எனக்கு அது ஓய்வு. இருவர் உடம்பும் அதே மூன்று மணி நேரம் அதே சீட் வரிசையில் ஒடுங்கிக் கிடந்தன.

பேஸை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முடியுமா? வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. இரண்டாம்இருக்கை

அண்ணா, நான் எஃப்.ஓ., அதாவது துணை விமானி. சேர்ந்து பதினான்கு மாதம். நேர்முகத்தில் விருப்பமான பேஸ் மூன்று எழுதச் சொன்னார்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்று எழுதினேன். கையில் கொடுத்தது கொல்கத்தா. பணி ஆணையில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப இந்தியாவில் எந்த ஊரிலும்" என்று ஒரு வாக்கியம். அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கு மேல் 90 லட்சம் கடன். தேனியில் அப்பாவின் நிலம் வங்கியில் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து யார் பேனாவைக் கீழே வைப்பார்கள்?

"பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனம் போ" என்பார்கள். 2017-லிருந்து டிஜிசிஏ விதிப்படி எஃப்.ஓ.-வுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ். பாண்ட் தொகை தனி. சென்னையில் இடம் இருக்கிறது என்று வேறொரு நிறுவனம் கூப்பிட்டாலும், நான் போய்ச் சேரும் அன்று அந்த இடம் இருக்குமா?

3. துவாரகாசெக்டர்12

நான் மாறுபடுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

நானும் தமிழன்தான், திருநெல்வேலி. பேஸ் டெல்லி என்று வந்ததும் குடும்பத்தோடு துவாரகாவுக்குக் குடிவந்தேன். பெண்ணை இங்கே பள்ளியில் சேர்த்தேன். முதல் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வீஸிங், நெபுலைசர் வைத்துக்கொண்டு இரவுகள் போயின. என் அம்மா கடைசிக் காலத்தில் பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். பேஸில் குடியிருப்பது என்ற முடிவுக்கு நான் கொடுத்த விலை இது.

ஜனவரி பனிமூட்டத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர் ஏறிய விமானம் ஜெய்ப்பூருக்குத் திரும்பிவிடும். க்ரூ கன்ட்ரோல் யாருக்குப் போன் போடும்? பேஸில் இருக்கிற எனக்கு. கடந்த இரண்டு குளிர்காலத்தில் ஸ்டாண்ட்பையிலிருந்து, அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கும் டூட்டியிலிருந்து, நான் எடுத்த விமானங்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. தொடர்ந்து நான்கு நாள் டூட்டி, மூன்று நாள் ஆஃப் என்று வெளியூர்க்காரர்களுக்கு வசதியாக ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) கட்டினால், மிச்சமாகும் ஒற்றை ஒற்றை டூட்டிகளும் ஸ்டாண்ட்பைகளும் உள்ளூர்க்காரன் தலையில்தான் விழும். சங்கம் எனக்கும் சேர்த்துத்தானே சங்கம்?

4. ரோஸ்டர்மேசை

பத்தொன்பது வருஷம் க்ரூ ஷெட்யூலிங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். எதிராளியின் கணக்கு தெரியாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால் முதல் அரை மணியிலேயே தோற்றுவிடுவீர்கள்.

விமானம் இரவில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் காலையில் விமானி வேண்டும். ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் கிளம்பும் முதல் அலைதான் அந்த நாளையே தீர்மானிக்கும். ஓர் ஊரில் பத்து விமானம் இரவு நிற்கிறது, ஆனால் அந்த ஊர் பேஸ் இல்லை என்றால், பத்து ஜோடிக்கும் ஹோட்டல், கார், படி. அதுவே பேஸாக இருந்தால் அந்தச் செலவு இல்லை. ஹோம் பேஸ் என்பதற்கு விதியில் இருக்கும் வரையறையே அதுதான்: வழக்கமாக டூட்டி தொடங்கி முடியும் இடம், தங்குமிடத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காத இடம். பேஸ் என்று ஓர் ஊரின் பெயரை எழுதும்போது தங்கும் செலவு நிறுவனத்தின் கணக்கிலிருந்து விமானியின் கணக்குக்கு மாறுகிறது. இதைச் சங்கத்தார் யாரும் எங்களிடம் பேசியதே இல்லை.

அப்படியானால் எல்லா ஊரிலும் பேஸ் திறக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஸ்டாண்ட்பை கணக்கு வருகிறது. 300 பேர் இருக்கும் ஒரு பேஸில் ஒரு நாளுக்கு இத்தனை பேர் உடம்பு சரியில்லை என்பார்கள் என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். 30 பேர் இருக்கும் பத்து பேஸில் சொல்ல முடியாது. ஒரு நாள் யாருமே சொல்லமாட்டார்கள், மறுநாள் ஐந்து பேர் சொல்வார்கள். அதனால் சின்ன பேஸ் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஆள் வைக்க வேண்டும். ஒரு ஏர்பஸ் 320-க்கு ஐந்து, ஆறு ஜோடி என்று ஓட்டும் நிறுவனத்தில் ஒவ்வொரு கூடுதல் ஆளும் பெரிய தொகை. பெரிய பேஸ் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ள நிர்வாகம் விரும்புவதற்கு இதுதான் காரணம். யார் மீதும் வன்மம் இல்லை.

ஆனால் நான் பார்த்த அநியாயம் ஒன்று உண்டு. சென்னை பேஸில் காலியிடம் இருக்கும். அதற்கு மனு போட்டவர்கள் பட்டியலும் மேசையில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவரை, அவர் எந்த ஊர்க்காரர் என்றுகூடப் பார்க்காமல், சிமுலேட்டர் முடிந்த கையோடு அங்கே போட்டுவிடுவோம். டெல்லியிலிருந்து ஒருவரை எடுத்தால் டெல்லியில் ஓட்டை விழும், அதை அடைக்க இன்னொரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான் காரணம். மனு போட்டவருக்குப் பதிலே போகாது. அந்தக் கோப்பை நானே பல முறை மூடி வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

5. விமானியின்துணை

துவாரகா அண்ணா, உங்க பொண்ணைப் பத்திப் படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு. உங்க அம்மாவை நினைச்சும்தான். ஆனா "குடிவந்துட வேண்டியதுதானே"ங்கிறதுக்குப் பின்னாடி ஒரு பொம்பளையோட வேலை இருக்கு, அதையும் கொஞ்சம் பாருங்க.

நான் செங்கல்பட்டு மாவட்டத்துல அரசுப் பள்ளி ஆசிரியை. டி.இ.டி. எழுதி, வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கின வேலை. அதை டெல்லிக்குத் தூக்கிட்டுப் போக வழி கிடையாது. எங்க வீட்டுக்காரர் பேஸ் டெல்லின்னு வந்தப்போ என் வேலையை விடறதா, இல்ல அவர் அலையறதான்னு மூணு நாள் உட்கார்ந்து பேசினோம். அவர்தான் "நான் அலையறேன்"னார். அதை நான் மறக்கமாட்டேன்.

ரோஸ்டர் வந்ததும் நான் முதல்ல தேடறது சென்னை நைட் ஹால்ட் இருக்கான்னுதான். இருந்தா ராத்திரி பதினொன்றரைக்கு வருவார். நிறுவனம் அவருக்கு ஹோட்டல் ரூம் போட்டிருக்கும், அது வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வருவார். சூடா ரெண்டு தோசை. பையன் தூங்கிட்டு இருப்பான். காலைல நாலேகாலுக்கு கேப் வந்துடும். ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு சத்தமில்லாம படியில இறங்குவார். பையன் எழுந்ததும் "அப்பா வந்தாரா"ன்னு கேப்பான், வாஷ் பேசின்ல ஷேவிங் நுரை இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வருவான்.

அந்த நாலேமுக்கால் மணி நேரத்துல அவர் தூங்கினது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். 

6. பழையபறவை

இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்து ஏர் இந்தியாவில் ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று நான்கு மண்டலம். மெட்ராஸ் மண்டலத்தில் போட்டால் மெட்ராஸ்தான். நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே மூன்று கேப்டன்கள். வேன் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போகும். மண்டலம் மாற்ற வேண்டும் என்றால் சங்கத்தோடு கலந்து பேசாமல் நடக்காது.

அந்தப் பாதுகாப்பை நாங்கள் எப்படி இழந்தோம் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-இல் இரண்டு நிறுவனங்களையும் இணைத்தார்கள். எங்கள் பக்கம் ஐ.சி.பி.ஏ., ஏர் இந்தியா பக்கம் இந்தியன் பைலட்ஸ் கில்ட். இரண்டு சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சீனியாரிட்டிப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 2011-இல் சம்பள ஏற்றத்தாழ்வுக்காக நாங்கள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தோம், கில்ட் எங்களோடு நிற்கவில்லை. 2012 மே மாதம், புதிதாக வரும் போயிங் 787-இல் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று கில்ட் வேலைநிறுத்தம் தொடங்கியது. 58 நாள் நடந்தது. 100 பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போது நாங்கள் அவர்களோடு நிற்கவில்லை. இரண்டு முறையும் நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது.

அந்த 58 நாளில் நான் வழக்கம்போல விமானம் ஓட்டினேன். கில்டில் இருந்த என் நண்பர், பறக்கும் பள்ளியில் ஒரே அறையில் தங்கியவர், அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது.

மீனம்பாக்கம்வாசிக்குச் சொல்வது: உள்ளூர், வெளியூர் என்று சங்கத்துக்குள் இரண்டு அணி உண்டாக விடாதீர்கள். இந்த இழையில் அதன் முதல் விதை விழுந்திருப்பதைப் பார்க்கிறேன்.

7. ஃபீனிக்ஸ்தமிழன்

அமெரிக்காவில் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் ஓட்டுகிறேன். வீடு அரிசோனாவில், பேஸ் சிகாகோவில். இங்கே பேஸ் முழுக்க ஒப்பந்த விஷயம். எந்த பேஸில், எந்த விமானத்தில், எந்த இருக்கையில் காலியிடம் என்று அறிவிப்பார்கள். எல்லோரும் விருப்பம் போடுவார்கள். சீனியாரிட்டி வரிசைப்படி கொடுப்பார்கள். நிர்வாகத்துக்குப் பிடித்தவன் பிடிக்காதவன் என்ற பேச்சே கிடையாது. மற்ற நிறுவன விமானியும் காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் காசில்லாமல் ஏறலாம். பல ஒப்பந்தங்களில் பயணப் பாதுகாப்பு விதி ஒன்று உண்டு: ரிப்போர்ட்டிங்குக்குள் போய்ச் சேரக்கூடிய இரண்டு விமானங்களுக்கு முயன்றும் இடம் கிடைக்கவில்லை என்றால், தகவல் சொல்லிவிட்டால் போதும், தண்டனை இல்லை.

ஆனால் இங்கே எல்லாம் தேன் என்று நினைக்காதீர்கள். 2009 பிப்ரவரி 12 இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் நிறுவனத்தின் 3407 விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர். எஃப்.ஓ. குடியிருந்தது சியாட்டில் பக்கம். முந்தைய இரவு ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து இன்னொரு சரக்கு விமானம் பிடித்து, காலை ஆறரை வாக்கில் நியூவார்க் சேர்ந்தார். கேப்டன் வீடு ஃபுளோரிடாவில். அவர் க்ரூ ரூமில்தான் படுத்திருந்தார். விமானம் கிளம்பியது இரவு 9.18-க்கு.

விசாரணையில் அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. ஒரு வேலை செய்தது. நியூவார்க் பேஸில் இருந்த கோல்கன் விமானிகள் 137 பேரையும் எண்ணியது. 93 பேர் வெளியூரிலிருந்து வருகிறவர்கள். 29 பேர் ஆயிரம் மைலுக்கு அப்பால். சோர்வு விமானிகளின் செயல்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கை எழுதினார்கள். விபத்துக்கான காரணங்களில் சோர்வையும் சேர்க்க வேண்டும் என்று தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் தனியாக எழுதினார். இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் வாஷிங்டனுக்கு நடந்ததால்தான் 2010-இல் சட்டம் வந்தது, 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதி வந்தது. இரண்டு டூட்டிக்கு நடுவே பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணத்துக்கு ஒரு மணி நேரக் கட்டுப்பாடு கூடப் போடவில்லை. அது அவரவர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை விமானிகளும் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்கே "ஐம்பது மைலுக்குள் குடியிரு" என்று வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சீனியாரிட்டி பற்றி பழையபறவை ஐயா சொன்னதற்கு இங்கே ஒரு ஜோடி உண்டு. யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005-இல் இணைந்தன. பட்டியலை இணைக்க ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவரிடம் போனார்கள். 2007-இல் அவர் தீர்ப்பு சொன்னார். கிழக்குப் பக்கத்தில், அதாவது யூ.எஸ். ஏர்வேஸ் பக்கத்தில், பெரிய விமானம் ஓட்டிய 517 பேரை மேலே வைத்து, மற்றவர்களை விகிதப்படி கலந்தார். வேலையிழந்து வெளியே இருந்த கிழக்கு விமானிகள் அடியில் போனார்கள், அவர்களில் பதினாறு பதினேழு வருஷ சர்வீஸ் போட்டவர்கள் இருந்தார்கள். கொதித்துப்போன கிழக்குத் தரப்பு 2008-இல் இரு தரப்புக்கும் பொதுவான அல்பா என்ற விமானிகள் சங்கத்தையே ஓட்டுப் போட்டு வெளியேற்றி, சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கியது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் வழக்கு. ஃபீனிக்ஸ்காரர்கள் ஒரு பட்டியலில், சார்லட், ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் இன்னொன்றில். 2013 கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தபோதும் ஒரே பட்டியல் வந்திருக்கவில்லை. அதுவரை இணைப்புக்கு முந்தைய பழைய சம்பளத்தை ஒட்டியே இரண்டு தரப்பும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த மேற்குப் பட்டியலில் இருந்தவர். இன்றும் அந்த நடுவரின் பெயரைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்.

8. துவாரகாசெக்டர்12

ஃபீனிக்ஸ், அமெரிக்க முறையை அப்படியே இங்கே வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சென்னை, பெங்களூரு, கொச்சி எல்லாம் சீனியர்களுக்குப் போகும். இரண்டாம்இருக்கை மாதிரித் தம்பிகள் பத்து வருஷம் டெல்லியிலோ கொல்கத்தாவிலோதான். அவன் கடன் கட்டும் வயதில், குழந்தை பிறக்கும் வயதில் வெளியூர். சீனியருக்குப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு உள்ளூர். இது நியாயமா?

இன்னொன்று, எந்தச் சீனியாரிட்டி? விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு முந்தைய மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஏ.ஐ.எக்ஸ். கனெக்டும் இணைந்தன. இப்படி இணைந்துகொண்டே இருக்கும் நாட்டில் பேஸையும் சீனியாரிட்டியோடு கட்டினால், அடுத்த இணைப்பில் வீடும் போய்விடும்.

விமானியின்துணை சகோதரி, உங்கள் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் திருநெல்வேலியில் செவிலியராக இருந்தாள், எனக்காக விட்டுவிட்டு வந்தாள். நான் முதல் பதிவில் அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்றாள்.

9. லண்டன்அக்கா

நான் பதினொரு வருசம் இங்க கேபின் க்ரூவா வேலை செய்தனான். ரெண்டு விசயம் சொல்லுறன்.

இங்கிலாந்தில முந்தி இருந்த சிஏபி 371 எண்ட விதிப் புத்தகத்தில, வீட்டிலயிருந்து விமான நிலையத்துக்கு ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல எடுக்குமெண்டால், பேஸுக்குக் கிட்ட தற்காலிகமாத் தங்குறதப் பற்றி யோசிக்கச் சொல்லி எழுதியிருந்தது. கட்டாயமில்லை, புத்திமதிதான். ஆனா அப்பிடி ஒரு வரி இருந்ததால, க்ரூ ஹோட்டலுக்கு எங்களுக்குக் குறைஞ்ச வாடகை வேணுமெண்டு கதைக்கிறதுக்கு ஒரு பிடி கிடைச்சது. ஒரு அறைக்கு எவ்வளவு எண்டு அவையோட வரியா வரியாப் பேரம் பேசினம்.

மற்றது, பேஸ் எண்டது சட்டத்தில எவ்வளவு பெரிய சொல்லெண்டு. பெல்ஜியத்தில ஷார்ல்ருவா பேஸில இருந்த க்ரூ வழக்குப் போட்டவை. ரையன்ஏர் எண்ட ஐரிஷ் விமான நிறுவனமும், அதுக்கு ஆள் குடுக்கிற க்ரூலிங்கும், "ஒப்பந்தம் ஐரிஷ் ஒப்பந்தம், விமானம் ஐரிஷ் விமானம், அயர்லாந்து கோட்டுக்கு வாங்கோ" எண்டு நிண்டவை. 2017 செப்டெம்பரில ஐரோப்பிய நீதிமன்றம், வழமையா எங்க வேலை செய்யினம் எண்டு தீர்மானிக்கிறதுக்கு ஹோம் பேஸ் முக்கியமான அடையாளம் எண்டு சொல்லிப்போட்டுது. அந்த வருசம் டிசெம்பரில தான் ரையன்ஏர் முதன்முதலா விமானிகள் சங்கங்களை அங்கீகரிக்கிறதா அறிவிச்சது. அடுத்த வருசம் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு நெதர்லாந்தில ஐந்தோவன் பேஸை மூடினது. பேஸை மூடுறதும் ஒரு ஆயுதம் தம்பி, அதுக்கும் இப்பவே ஒரு வரி எழுதி வையுங்கோ.

10. மீனம்பாக்கம்வாசி

எல்லோரும் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. துவாரகா சார், உங்கள் எட்டாம் பதிவைப் படித்துவிட்டு இரவு ரொம்ப நேரம் யோசித்தேன். பொதுக்குழுவுக்குத் தீர்மானம் ஒன்று எழுதப் பார்க்கிறேன், குறை சொல்லுங்கள்.

சீனியாரிட்டி வேண்டாம். பேஸ் மாற்றம் கேட்டு மனு கொடுத்த தேதிதான் வரிசை. கேப்டனுக்கு ஒரு வரிசை, எஃப்.ஓ.-வுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு பேஸுக்கும் அந்த வரிசையை எல்லோரும் பார்க்கும்படி மாதா மாதம் வெளியிட வேண்டும். காலியிடம் வந்தால் முதலில் வரிசையில் இருப்பவர், அதன் பிறகுதான் புதிதாகச் சேர்ந்தவர். ரோஸ்டர்மேசை ஐயா மூடி வைத்த கோப்பு இனிமேல் மூடிக் கிடக்காது. நிறுவனங்கள் இணைந்தாலும் மனுத் தேதி மாறாது.

பனிமூட்ட விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. அதனால் வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று கொடுக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் காலை டூட்டி என்றால் முந்தைய நாளே பேஸில் இருப்போம். அதற்கு ஈடாக அந்த இரவுக்கு நிறுவனம் அறை கொடுக்கட்டும். ஸ்டாண்ட்பை நாட்களும் எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் பிரிய வேண்டும், வெளியூர்க்காரர் என்பதற்காக ஒரு நாள் கூடக் குறையக் கூடாது. பேஸை மூடினாலோ மாற்றினாலோ ஆறு மாதம் முன்னறிவிப்பு, குடிமாறும் செலவு, அதுவரை பயணத்துக்கு உறுதியான டிக்கெட்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 டிசம்பரில் இண்டிகோவில் என்ன நடந்தது என்று பார்த்தோம். புது விதிக்கு வேண்டிய விமானிகள் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000 விமானங்களுக்கு மேல் ரத்து. அன்றைக்கே டிஜிசிஏ, விடுப்பை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியைத் திரும்பப் பெற்றது. விமானிகள் சங்கமான அல்பா இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. நீதிமன்றம் வரை போய் வாங்கிய விதியின் ஒரு பகுதி ஒரே நாளில் போயிற்று. ஒப்பந்தத்தில் இருதரப்பும் கையெழுத்துப் போட்டு எழுதியதை அப்படி எடுக்க முடியாது. எதுவும் டிஜிசிஏ பார்த்துக்கொள்ளும் என்று செயற்குழு இனிமேலும் சொல்லக் கூடாது.

11. துவாரகாசெக்டர்12

மனுத் தேதி வரிசைக்கு நான் சரி. ஸ்டாண்ட்பை சமமாகப் பிரிவதை முதல் பத்தியிலேயே போடுங்கள், கடைசியில் வேண்டாம். டெல்லியில் உள்ளூர்க்காரர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். அப்படிப் போட்டால் தீர்மானத்தை நான் வழிமொழிகிறேன். என் அம்மாவுக்காக நானே 2021-இல் சென்னைக்கு ஒரு மனு கொடுத்தேன். இன்று வரை பதில் இல்லை. அந்தத் தேதி இன்னும் செல்லுமா என்று மட்டும் எழுத்தில் தெளிவாக்குங்கள். அம்மா இல்லை, ஆனாலும் எனக்கு அது தெரிய வேண்டும்.

12. ரோஸ்டர்மேசை

பழைய மனுக்கள் செல்லும் என்று கட்டாயம் எழுதுங்கள். நிர்வாகம் "அப்படி மனு எதுவும் எங்களிடம் இல்லை" என்று சொல்லும். மனு போட்டவர்கள் மின்னஞ்சல் நகலைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பஃபலோ விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் 137 பேரை எண்ணினார்கள். உங்கள் டெல்லி பேஸில் எத்தனை பேர் வெளியூரிலிருந்து வருகிறார்கள் என்ற எண் சங்கத்திடம் இருக்கிறதா? அது இல்லாமல் மேசைக்குப் போகாதீர்கள்.

13. மீனம்பாக்கம்வாசி

இல்லை ஐயா. அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம். வீடு எந்த ஊர், பேஸ் எந்த ஊர், போன மாத ஆஃப் நாட்களில் வீட்டில் இருந்த மணி எத்தனை, பேஸ் மாற்றம் கேட்ட தேதி. இந்த நான்கு மட்டும் போதும். பெயரோ பணியாளர் எண்ணோ வேண்டாம். துவாரகா சார், ஸ்டாண்ட்பையை முதல் பத்திக்கு மாற்றிவிட்டேன், பழைய மனுத் தேதிகள் செல்லும் என்பதை அதற்கு அடுத்த வரியில் போட்டிருக்கிறேன்.

14. விமானியின்துணை

பதில்களை எனக்கு அனுப்புங்க, நான் எக்ஸெல்ல போட்டுத் தர்றேன். அரையாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்தி முடிச்சாச்சு, ராத்திரி நேரம் இருக்கு. திங்கள் ராத்திரிக்குள்ள வந்துட்டா செவ்வாய் காலைல அண்ணாவுக்கு அனுப்பிடுவேன். வீட்டில் இருந்த மணியைத் தோராயமா எழுதாதீங்க, ரோஸ்டரைப் பக்கத்துல வெச்சுக் கணக்குப் பண்ணி எழுதுங்க. எங்க வீட்டுக்கு நானே போட்டுட்டேன்: போன மாசம் ஆஃப் எட்டு நாள், அவர் வீட்ல இருந்தது 103 மணி நேரம்.